தன் கணக்கைத் தானே படித்தல்: வங்கி, முதலீட்டுப் பதிவுகளைத் தன்னியக்கமாகப் பெறும் வழிகளின் வரலாறு (1980–2025)

ஆய்வுச் சுருக்கம்

வங்கியிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் உள்ள தம் கணக்குப் பதிவுகளை ஒருவர் கணினி நிரலின்வழித் தன்னியக்கமாகப் பெறுவதற்கு 1980 முதல் உருவான வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜெர்மனியும் அமெரிக்காவும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தொடக்கத்தில் கணக்குடையவரின் சொந்தக் கணினிக்கென வகுக்கப்பட்ட வழிகள் இணையம் பரவியபின் இடைநிலை நிறுவனங்களின் கைக்கு மாறின. பின்வந்த சட்டங்கள் அந்நிறுவனங்களை நெறிப்படுத்த முனைந்தபோது, கணக்குடையவரின் சொந்த நிரல் அச்சட்டங்களின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது என்பது கட்டுரையின் வாதம். இந்தியாவின் கணக்குத் திரட்டி முறையும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியில் வைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணைய வங்கிச் சேவை, கணக்குப் பதிவு, கடவுச்சொல், தரநிலை, திரைச்சுரண்டல், ஒப்புதல், கணக்குத் திரட்டி

முன்னுரை

வங்கிக் கணக்கின் பதிவுகள் வங்கிக்கு ஒரு பொருளையும் கணக்குடையவருக்கு வேறொரு பொருளையும் தருவன. வங்கியைப் பொறுத்தவரை, தான் வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய தொகை நாளுக்கு நாள் எவ்வாறு மாறியது என்பதற்கு அவை சான்று. கணக்குடையவருக்கோ அவை குடும்பத்தின் வரவு செலவுக் குறிப்பு. சம்பளம் வந்த நாள், வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருந்துக்கடையில் கொடுத்த தொகை எல்லாம் அவற்றில் உண்டு. கணினிக்கு முற்பட்ட காலத்தில் இப்பதிவு எழுத்தரின் கையால் பாஸ்புக்கில் ஏறியது. வீட்டில் தனிக் கணக்கேடு வைத்திருந்தவர் அதைப் பார்த்துத் தம் ஏட்டில் எடுத்தெழுதிக்கொண்டார்.

வீட்டுக்குக் கணினி வந்தபின் இந்த எடுத்தெழுதும் வேலையைக் கணினியே செய்யட்டும் என்னும் விருப்பம் எழுந்தது இயல்பே. இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு, சில பரஸ்பர நிதிகள், ஒரு பங்குக் கணக்கு என்று வைத்திருப்பவருக்கு அது வெறும் வசதியன்று. பங்கு விற்ற ஆதாயத்துக்கு வரி கணக்கிட, ஒவ்வொரு பங்கும் எந்நாளில் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது தெரியவேண்டும். பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வாங்கியதைக் கையால் தொகுக்கும்போது பிழை நேராமலிருப்பது அரிது.

தொழில்நுட்ப அளவில் வேலை எளியது. நிரல் வங்கியின் கணினியோடு இணைந்து, இந்நாள் முதல் இந்நாள் வரையிலான பதிவுகளைக் கேட்டு, வந்தவற்றைத் தன் கோப்பில் சேர்த்துவைத்தால் போதும். சிக்கல் அனைத்தும் எந்தச் சாவியைக் கொண்டு உள்ளே நுழைவது, யார் பெயரில் நுழைவது என்ற இரு கேள்விகளில் இருந்தது. கடந்த 45 ஆண்டுகளில் இவற்றுக்கு வெவ்வேறு நாடுகள் தந்த விடைகளை ஒப்பிட்டால், கணக்குடையவரின் இடம் எங்ஙனம் மாறியது என்பது புலப்படும்.

ஜெர்மனி: இரு சாவிகள்

அன்றைய மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் துறை, தொலைபேசிக் கம்பிவழித் தொலைக்காட்சித் திரையில் எழுத்துப் பக்கங்களைக் காட்டும் 'பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட்' என்னும் சேவையை 1980-இல் வெள்ளோட்டம் பார்த்தது. நாடு முழுவதற்குமாக அது 1983-இல் தொடங்கப்பட்டது. வெள்ளோட்டக் காலத்திலேயே ஃபெர்பிராவ்ஹர் வங்கி இச்சேவையின் மூலம் வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் வழிசெய்தது. அதில் கையாளப்பட்ட காப்பு முறை இவ்வரலாற்றுக்கு மிக முதன்மையானது. கணக்கைத் திறந்து பார்க்க ஓர் இரகசிய எண் இருந்தது. பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும், வங்கி அச்சிட்டுத் தந்த பட்டியலிலிருந்து ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் வேறோர் எண்ணையும் தரவேண்டியிருந்தது. பார்ப்பதும் செய்வதும் இவ்வாறு தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டன. பார்க்கும் எண் பிறர் கைக்குப் போனால் அந்தரங்கம் கெடும். ஆனால் பணம் போகாது. அமெரிக்காவில் இப்பிரிவு இல்லாதிருந்ததன் விளைவு பின்னர் தெரியவரும்.

இச்சேவையின் பக்கங்கள் மனிதக் கண்ணுக்காக அமைக்கப்பட்டவை. ஆயினும் நிரல் எழுதத் தெரிந்தவர்கள், குறிப்பிட்ட வரியில் குறிப்பிட்ட இடத்தில் உள்ள எண்ணே தொகை என்று கொண்டு, திரைப்பக்கத்தைக் கணினியே படிக்கும்படி செய்தனர். வங்கி தன் பக்கத்தின் அமைப்பைச் சிறிது மாற்றினாலும் இத்தகைய நிரல் முடங்கிவிடும்.

தன்னியக்க அணுக்கத்தின் மற்றொரு முகத்தையும் ஜெர்மானியர் விரைவிலேயே கண்டனர். 1984 நவம்பரில் ஹாம்பர்க் நகரின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் கணினி ஆர்வலர் குழு, ஹாம்பர்கர் ஷ்பார்கஸ்ஸ என்னும் சேமிப்பு வங்கியின் நுழைவு விவரங்களைப் பெற்றது. அந்த விவரங்களைக் கொண்டு, பார்க்கும் தோறும் 9.97 மார்க் கட்டணம் விதிக்கும் தன் சொந்தப் பக்கம் ஒன்றை ஓர் இரவு முழுவதும் கணினியைக் கொண்டு மீண்டும் மீண்டும் திறந்தது. விடிவதற்குள் வங்கியின் பெயரில் ஏறத்தாழ 1,35,000 மார்க் பற்று ஏறியிருந்தது. குழுவினர் தாமே செய்தியாளர்களிடம் இதை வெளிப்படுத்தித் தொகையையும் விட்டுக்கொடுத்தனர். நுழைவு விவரங்கள் எப்படிக் கிடைத்தன என்பதில் அவர்களுக்கும் அஞ்சல் துறைக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அது எப்படியாயினும், ஒருவருடைய சாவி மற்றொருவரின் நிரல் கையில் இருந்தால் ஓர் இரவில் என்ன நிகழும் என்பது அனைவருக்கும் தெரிந்தது.

1990களின் நடுவில் ஜெர்மன் வங்கிச் சங்கங்களின் பொதுக்குழு எச்.பி.சி.ஐ. என்னும் தரநிலையை வகுத்து வெளியிட்டது. வீட்டுக் கணினியில் உள்ள நிரலும் வங்கிக் கணினியும் எந்தச் செய்தியை எந்த வடிவில் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதை அது விரித்துரைத்தது. இருப்புத் தொகையைக் கேட்க ஒரு குறியீடு, நாள்வாரிப் பதிவுகளைக் கேட்க ஒரு குறியீடு, கைவசமுள்ள பங்குகளின் பட்டியலைக் கேட்க ஒரு குறியீடு என்று தனித்தனியே அமைந்திருந்தன. வாடிக்கையாளரின் அடையாளத்துக்குச் சில்லு அட்டையோ மறையீட்டுச் சாவிக் கோப்போ பயன்பட்டது. தரநிலை ஆவணம் எவரும் பெற்றுப் படிக்கத்தக்கதாக இருந்தமையால், வணிக நிரல்களோடு தன்னார்வலர் எழுதிய ஹிபிஸ்கஸ், ஏகியூபேங்கிங் போன்ற திறந்த மூல நிரல்களும் தோன்றின. 2002-இல் இது ஃபின்டிஎஸ் என்னும் பெயரில் புதுப்பிக்கப்பட்டபோது, பெரும்பாலோர் அட்டைக்கும் அதைப் படிக்கும் கருவிக்கும் செலவிட விரும்பாததால், பழைய இரகசிய எண் முறையும் தரநிலைக்குள் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பில் சிறந்ததை மக்கள் வசதிக்காக ஒதுக்கிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வமைப்பில் இடையே நிற்பவர் எவரும் இல்லை. ஒரு முனையில் வங்கி, மறுமுனையில் கணக்குடையவரின் மேசைமீதுள்ள கணினி. பதிவுகள் அந்தக் கணினியில் வந்து தங்கின.

அமெரிக்கா: திறந்த வடிவமும் சுங்கச் சாவடியும்

அமெரிக்காவில் முன்முயற்சி வங்கிகளிடமிருந்து வரவில்லை; நிரல் விற்பவர்களிடமிருந்து வந்தது. 1983-இல் ஸ்காட் குக், டாம் ப்ரூ ஆகிய இருவரும் தொடங்கிய இன்ட்யூட் நிறுவனத்தின் 'குவிக்கன்' வீட்டுக் கணக்கு நிரல்களுள் முதலிடம் பெற்றது. அதன் பழைய கோப்பு வடிவம் எளிமைக்குப் பெயர்பெற்றது. ஒரு வரியில் நாள், அடுத்த வரியில் தொகை, அடுத்து பெற்றவர் பெயர், முடிவில் ஒரு கூரைக்குறி. எழுத்துத் தொகுப்பான் எதிலும் திறந்து படிக்கலாம். ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண் இல்லாமையால், ஒரே பதிவை இரு முறை இறக்கினால் கணக்கில் இரு முறை ஏறிவிடும்.

1994-இல் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூட்டை ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. தன் சொந்த நிரலான 'மணி' குவிக்கனை வெல்ல இயலாதது இதற்கு ஒரு காரணம். இவ்வாங்கல் போட்டியை ஒழிக்கும் என்று நீதித் துறை 1995 ஏப்ரலில் வழக்குத் தொடர்ந்தது. மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டது. வங்கியாளர்களின் அச்சம் வேறு வகையானது. வாடிக்கையாளர் வங்கியின் முகத்தையே பாராமல் ஒரு நிரலின் முகத்தை மட்டும் பார்க்கப் பழகிவிட்டால், நாளடைவில் அந்நிரலின் உரிமையாளர் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் சுங்கம் கேட்கலாம் என அவர்கள் அஞ்சினர்.

திட்டம் முறிந்தபின் மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைந்து 1997-இல் ஓ.எஃப்.எக்ஸ். என்னும் பொது வடிவத்தை வெளியிட்டன. வங்கிப் பதிவுகளோடு பங்கு வாங்கல், விற்றல், ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்தல் ஆகியவற்றுக்கும் அதில் தனித்தனிக் குறிகள் இருந்தன. நிதி நிறுவனம் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைத் தரவேண்டும் என்ற விதியால் இருமுறை ஏறும் குறை நீங்கியது. வடிவம் திறந்ததாகவே இருந்தது. தடை வேறிடத்தில் இருந்தது. குவிக்கன் ஏற்கும் கோப்பில் இன்ட்யூட் வழங்கிய அடையாளம் ஒன்று இருந்தாக வேண்டும். இன்ட்யூட்டுடன் உடன்படிக்கை செய்துகொள்ளாத வங்கியின் கோப்பை நிரல் ஏற்க மறுக்கும். வங்கியாளர் 1995-இல் அஞ்சிய சுங்கச் சாவடி, சிறிய அளவிலேனும், இவ்வாறு அமைந்தது.

ஓ.எஃப்.எக்ஸ். சேவையைத் தருமாறு எந்த வங்கியையும் எச்சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சில தந்தன, சில கட்டணம் வாங்கிக்கொண்டு தந்தன, பல தரவேயில்லை. ஜெர்மனியில் சங்கங்கள் ஒன்றுகூடி வகுத்தது அமெரிக்காவில் ஒவ்வொரு வங்கியின் விருப்பத்துக்கும் விடப்பட்டது. அடுத்து வந்தவர்கள் அந்த இடைவெளிக்குள்தான் நுழைந்தனர்.

கடவுச்சொல்லை ஒப்படைத்தல்

1999-இல் கலிஃபோர்னியாவில் யோட்லி, அட்லாண்டாவில் வெர்டிக்கல்ஒன் முதலிய நிறுவனங்கள் தோன்றின. அவற்றின் முறை மிக எளியது. வாடிக்கையாளர் தம் வங்கிகளின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அந்நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் கணினிகள் அவற்றைக் கொண்டு, வாடிக்கையாளரே வந்ததுபோல் வங்கியின் வலைத்தளத்துக்குள் நுழைந்து, பக்கங்களிலிருந்து எண்களை வழித்தெடுத்து ஒரே பக்கத்தில் தொகுத்துத் தரும். ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன் ஸ்கிரேப்பிங்' என வழங்கும் இதனைத் தமிழில் திரைச்சுரண்டல் எனலாம். அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள மற்றொரு பொருள் இவ்விடத்தில் அடியோடு பொருந்தாது என்றும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்க வங்கிகளின் கடவுச்சொல் பார்ப்பதற்கும் பணம் அனுப்புவதற்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே செலவைப் பட்டியலிட விரும்பிய ஒருவர், முழுக் கணக்கையும் ஆளும் சாவியை ஒப்படைக்க நேர்ந்தது. மேலும் இதுவரை தம் கணினியில் வந்து தங்கிய பதிவுகள், இனி முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் தங்கின. இரண்டாவது மாற்றம் முதலாவதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. விளைவில் அது பெரியது.

வங்கிகள் முதலில் எதிர்த்தன. ஃபர்ஸ்ட் யூனியன் வங்கி 1999 இறுதியில் இத்தகைய நிறுவனம் ஒன்றின்மீது வட கரோலினாவில் வழக்குத் தொடுத்தது. ஆயினும் வங்கிகளே இதே சேவையைத் தம் வாடிக்கையாளருக்கு வழங்கத் தலைப்பட்டதால் எதிர்ப்பு விரைவில் தணிந்தது. தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அலுவலகம் 2001-இல், திரட்டல் சேவை தரும் வங்கிகள் கைக்கொள்ள வேண்டிய முறைகளைப் பற்றி அறிவுறுத்தல் வெளியிட்டதிலிருந்து அப்பழக்கம் எவ்வளவு விரைவாக வங்கிகளுக்குள் புகுந்தது என்பதை உணரலாம்.

2007-இல் ஆரன் பேட்சர் தொடங்கிய 'மின்ட்' என்னும் இலவச வலைச்சேவை யோட்லியின் குழாய்களைப் பயன்படுத்தியது. பயனரிடம் கட்டணம் வாங்காமல், அவர்களது செலவைப் பார்த்து அதற்கேற்ற கடன் அட்டையையும் சேமிப்புக் கணக்கையும் பரிந்துரைத்து அவற்றின்மூலம் வருவாய் ஈட்டியது. குவிக்கனின் உரிமையாளரான இன்ட்யூட்டே 2009-இல் 17 கோடி டாலருக்கு அதை வாங்கியது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் 'மணி' நிரலின் விற்பனையை நிறுத்தியது. மேசைக் கணினியில் தம் கணக்கைத் தாமே வைத்திருக்கும் பழக்கத்தின் இறக்கத்துக்கு அவ்வாண்டை ஒரு குறியாகக் கொள்ளலாம். மின்ட்டும் நிலைக்கவில்லை. 2024 மார்ச்சில் இன்ட்யூட் அதை மூடியபோது, பல ஆண்டுகளாக அங்கே சேர்ந்த பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளாதவர்கள் அவற்றை இழக்கும் நிலை ஏற்பட்டது.

25 ஆண்டு இடைவெளியில் இரு வழக்குகள்

2010களில் பிளேட் என்னும் நிறுவனம் இக்குழாய்த் தொழிலில் முன்னணிக்கு வந்தது. அது பொதுமக்களிடம் நேரடியாகப் பேசவில்லை. பிற செயலிகளுக்குள் ஒரு சிறு நுழைவுத் திரையாக மட்டும் தோன்றியது. அத்திரை வங்கியின் சொந்தத் திரைபோல அமைந்திருந்ததால் தம் கடவுச்சொல்லைப் பெறுபவர் யார் என்றே தெரியவில்லை என்று பயனர்கள் வழக்குத் தொடுத்தனர். பிளேட் குற்றச்சாட்டை ஏற்கவில்லை, 5.8 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டது. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியின் தலைவர் ஜேமி டைமன், 2016-இல் பங்குதாரர்களுக்கு எழுதிய மடலில், வாடிக்கையாளர் கடவுச்சொல்லைப் பிறரிடம் தருவதையும், அந்நிறுவனங்கள் தேவைக்கு மிகுதியான தரவை எடுப்பதையும் குறைகூறியிருந்தார். வங்கியின் கவலை உண்மையானதே. ஆனால் தரவு தன் வாசலைத் தாண்டாதிருப்பது வங்கிக்கு ஆதாயமானது என்பதும் உண்மை.

2020 ஜனவரியில் விசா நிறுவனம் பிளேட்டை 530 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நவம்பரில் நீதித் துறை வழக்குத் தொடர்ந்தது. பிளேட்டை ஓர் எரிமலைத் தீவாக விசாவின் அதிகாரி ஒருவர் வரைந்திருந்ததை அவ்வழக்கின் ஆவணம் எடுத்துக்காட்டியது. நீருக்கு மேல் தெரியும் சிறு முனையே இன்றைய தொழில். கீழே மறைந்திருப்பது எதிர்காலப் போட்டி. 2021 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட்–இன்ட்யூட் வழக்கின் அதே வடிவம் 25 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் வந்ததைக் காணலாம். இரு முறையும் அரசு தடுத்தது ஒரு நிறுவனம் மற்றொன்றை விழுங்குவதை. கணக்குடையவர் எந்த வழியில் தம் பதிவுகளைப் பெறுவது என்ற கேள்வி இரு வழக்குகளிலும் எழவேயில்லை.

அக்கேள்விக்கு விடை சொல்லவேண்டிய சட்டம் ஏற்கெனவே இருந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப்பின் இயற்றப்பட்ட 2010-ஆம் ஆண்டின் டாட்–ஃபிராங்க் சட்டத்தின் 1033-ஆம் பிரிவு, நுகர்வோர் கேட்டால் அவரது கணக்கு விவரங்களை அவர் பயன்படுத்தத்தக்க மின்வடிவில் நிதி நிறுவனம் தரவேண்டும் என்கிறது. இதற்கான விதிகளை நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு இறுதிசெய்தது 2024 அக்டோபரில். அதாவது 14 ஆண்டுகளுக்குப்பின். அவ்விதிகள் இரு வாயில்களை ஏற்படுத்தின. கணக்குடையவர் தாமே வந்து கோப்பை இறக்கிக்கொள்ள ஒன்று. உரிய ஒப்புதல் பெற்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்களின் நிரல்களுக்கு மற்றொன்று. நிரலோடு நிரல் பேசும் வாயில் நிறுவனங்களுக்கே. பங்கு முதலீட்டுக் கணக்குகள் விதிகளின் வரம்புக்குள் வரவில்லை. விதிகள் வெளியான நாளிலேயே வங்கிகளின் அமைப்புகள் கென்டக்கி நீதிமன்றத்தை நாடின. 2025-இல் அந்த அமைப்பே விதிகளை மறுஆய்வு செய்யப் புகுந்து, நுகர்வோரின் சார்பாளர் என்போர் யார், தரவுக்கு வங்கி கட்டணம் வாங்கலாமா என்ற அடிப்படை வினாக்களைப் புதிதாக எழுப்பியது. அவ்வாண்டே பிளேட், ஜே.பி. மார்கனுக்குக் கட்டணம் செலுத்த உடன்பட்டது. 1995-இல் நிரல்காரர் வங்கியிடம் சுங்கம் கேட்பார் என்று அஞ்சப்பட்டது. முடிவில் வங்கி நிரல்காரரிடம் கேட்டது.

ஐரோப்பிய ஆணையும் பழைய ஜெர்மன் வழியும்

இடைநிலை நிறுவனம் ஜெர்மனிக்கும் வந்தது. வாடிக்கையாளர் தம் இரகசிய எண்ணையும் ஒருமுறை எண்ணையும் இடையிலுள்ள பக்கத்தில் இட, அந்நிறுவனமே வங்கிக்குள் நுழைந்து பணத்தை அனுப்பும் 'ஸோஃபோர்ட்யூபர்வைசுங்' என்னும் சேவை 2005 முதல் பரவியது. இவ்வெண்களைப் பிறர் பக்கத்தில் இடக்கூடாது என்று வங்கிகள் தம் நிபந்தனைகளில் எழுதியிருந்தன. அத்தடை போட்டிச் சட்டத்துக்கு முரணானது என ஜெர்மனியின் கூட்டரசுப் போட்டி ஆணையம் 2016-இல் முடிவு செய்தது. கடவுச்சொல்லைக் காப்பதற்கான விதியையே சந்தையைக் காப்பதற்கான வேலியாகக் கண்ட இம்முடிவு கவனத்துக்குரியது. இரண்டு பயன்களும் அவ்விதியில் கலந்தே இருந்தன.

2015-இல் நிறைவேறி 2018 ஜனவரி 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இரண்டாம் பணச்செலுத்தல் சேவை ஆணை, இக்கலப்பைப் பிரிக்க முயன்றது. கணக்குத் தகவல் சேவை தருவோர் அரசிடம் பதிவு பெறவேண்டும். பதிவு பெற்றவருக்கு வங்கி கட்டணமின்றி வழிவிட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் தனக்குரிய மின்சான்றிதழைக் காட்டித்தான் வங்கியின் புதிய வாயிலில் நுழைய முடியும். வீட்டில் தம் கணக்குக்குத் தாமே நிரல் எழுதியவரிடம் அச்சான்றிதழ் இருக்காது; பதிவுக்கான தகுதியும் செலவும் அவருக்கு எட்டாதவை. தன் சொந்தக் கணக்கின் வாயிலில் அவர் அந்நியரானார்.

ஜெர்மனியில் ஃபின்டிஎஸ் தொடர்ந்தமையால் அந்நாட்டவர்க்குப் பழைய வழி முற்றும் அடைபடவில்லை. எனினும் 2019 செப்டம்பர் முதல் அதிலும் இரு மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு நிரலும் தனக்கெனப் பதிவு எண் பெற்றிருக்கவேண்டும் என்பது ஒன்று. கணக்கை வெறுமனே பார்ப்பதற்கும் குறைந்தது 90 நாட்களுக்கு ஒரு முறை இரண்டாம் எண் வேண்டும் என்பது மற்றொன்று. 1980-இல் பிரிக்கப்பட்ட இரு சாவிகளும் இங்கே மீண்டும் நெருங்கிவந்தன. இரவில் ஆளில்லாமல் பதிவுகளைச் சேர்க்கும்படி அமைத்திருந்தவரின் நிரல், மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் மனிதரை எழுப்பவேண்டியதாயிற்று. இவ்வாணை பணச்செலுத்தல் கணக்குகளுக்கு மட்டுமே உரியது. பங்குக் கணக்கு அதன் எல்லைக்கு வெளியே நின்றது. பங்குப் பட்டியலைக் கேட்கும் குறியீட்டைத் தன்னுள் கொண்டிருந்த ஜெர்மன் தரநிலை, அவ்வகையில் பின்வந்த ஐரோப்பியச் சட்டத்தைவிட அகன்றது.

இந்தியா: ஒப்புதல் ஆவணம்

இந்திய ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2-இல் வெளியிட்ட நெறிமுறைகள் 'கணக்குத் திரட்டி' என்னும் புதுவகை நிதி நிறுவனத்தைத் தோற்றுவித்தன. முந்தைய நாடுகளின் பட்டறிவு இவற்றில் தெளிவாகத் தெரிகிறது. திரட்டி வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கவோ சேமிக்கவோ கூடாது. அது பணப் பரிமாற்றத்தில் ஈடுபடக் கூடாது. தரவு மறையீடு செய்யப்பட்டே அதன்வழிச் செல்லும். திரட்டியால் அதைப் படிக்க இயலாது. என்ன தரவு, எதற்காக, எத்தனை காலத்துக்கு, எத்தனை முறை என்பவை ஒப்புதல் ஆவணத்தில் எழுதப்பட வேண்டும்; கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அமெரிக்கரின் முழுச் சாவிக்கு மாறாக, இது ஒரு வேலைக்கு மட்டும் வெட்டித்தரப்பட்ட சிறு சாவி. 2021 செப்டம்பர் 2-இல் 8 வங்கிகளுடன் முறை தொடங்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, பரஸ்பர நிதிகளையும் பங்கு வைப்பகங்களையும் இதில் தரவு தருவோராகச் சேர்க்க வழிவகுத்தது. முதலீட்டுப் பதிவுகளைத் தொடக்கத்திலேயே விலக்கிய ஐரோப்பாவைவிட இது முழுமையானது.

ஆனால் தரவைப் பெறுவோர் யார் என்ற இடத்தில் இந்திய முறையும் மற்றவற்றின் வழியிலேயே செல்கிறது. பெறும் நிறுவனம் ரிசர்வ் வங்கி, செபி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய துறைகளின் ஒழுங்காற்று அமைப்புகளுள் ஒன்றில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தகவலை வாடிக்கையாளருக்கே காட்டுவதற்கு நெறிமுறையில் இடமுண்டு. ஆயினும் அவரது சொந்தக் கணினியில் உள்ள நிரல் தானே ஒரு பெறுநராக இணைய இடமில்லை. கடன் கேட்பவரின் ஆறுமாதக் கணக்கை அவரது ஒப்புதலோடு கடன் நிறுவனத்தின் நிரல் சில நொடிகளில் பெற்றுவிடுகிறது. அதே ஆறுமாதக் கணக்கைத் தம் கணக்கேட்டில் சேர்க்க விரும்பும் அவரது நிரலுக்கு அவ்வழி திறக்காது.

அவருக்கு எஞ்சியிருப்பது மின்னஞ்சலில் வரும் பி.டி.எஃப். கணக்கறிக்கை. பரஸ்பர நிதிகளின் பதிவாளரும், 1988-இல் நிறுவப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டதுமான கேம்ஸ் நிறுவனம் இவ்வரலாற்றின் இரு பக்கங்களிலும் நிற்கிறது. அதன் துணை நிறுவனம் உரிமம் பெற்ற கணக்குத் திரட்டிகளுள் ஒன்று. கேம்ஸ் தானோ, பல நிதி நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டிய அறிக்கையை முதலீட்டாளருக்குக் கடவுச்சொல்லிட்ட பி.டி.எஃப். கோப்பாக அனுப்பிவருகிறது. தன்னார்வலர் சிலர் இவ்வறிக்கையைத் திறந்து, நாள், அலகு, விலை ஆகியவை எவ்வெவ்விடத்தில் அச்சாகியுள்ளன எனக் கண்டு பிரித்தெடுக்கும் திறந்த மூல நிரல்களை எழுதியுள்ளனர். வரிக் கணக்குக்கு வேண்டிய ஆதாயத்தை அவற்றைக் கொண்டு கணக்கிடுவோர் உண்டு. அறிக்கையின் வரியமைப்பு மாறும்போதெல்லாம், 1980களில் ஜெர்மனியின் திரைப்பக்கங்களைப் படித்த நிரல்களுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேர்கிறது. எழுதியவர் மாறிய வரியைத் தேடிக் கண்டு நிரலைத் திருத்தும் வரை, பயன்படுத்துவோர் பழையபடி கையால் எடுத்தெழுதிக்கொள்கின்றனர்.